பின்பட்டை ஏற்றும் முன்

நீலகிரியில் கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா, நஞ்சநாடு பக்கம் கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப் வண்டிகளுக்கு அடியில் குனிந்து பாருங்கள். பலவற்றில் பின்பக்கக் கமான் பட்டை, அதாவது பாரம் தாங்கும் வில் போன்ற எஃகுப் பட்டைக் கட்டு, கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்காது. ஒன்றில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருப்பார்கள். இன்னொன்றில் தொய்ந்த பட்டையைக் கழற்றி மறுபடி வளைத்துப் போட்டிருப்பார்கள். வேறொன்றில் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ரப்பர் கட்டை இருக்கும். புது வண்டி வாங்கியவரிடம் ‘பட்டை ஏத்தியாச்சா?’ என்று கேட்பது இங்கே சாதாரணம். நானும் என் வண்டிக்குச் செய்திருக்கிறேன், செய்த வேலையில் எனக்குத் திருப்தியும் உண்டு. ஆனால் இதை வெறும் பட்டை வேலையாகப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். மலையில் ஓடும் வண்டியின் பின்பட்டையைத் தொட்டால் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சேர்த்தே தொடுகிறோம். அதை விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் ஓட்டத்தின் தன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே போகும்போது கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். கேரட்டைக் கழுவித்தான் மூட்டை பிடிப்பார்கள் என்பதால் ஈரம் சொட்டச் சொட்ட ஏறும். மேலே வரும்போது பெரும்பாலும் காலி. விதைப்புக்கு முன்னால் மட்டும் சமவெளியிலிருந்து கோழி எருவும் உர மூட்டையும் வரும். ஆக ஒரே வண்டி பாரத்தோடு இறங்குகிறது, சில சமயம் பாரத்தோடு ஏறுகிறது, பல சமயம் காலியாக ஏறுகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நடுவே இருப்பது ஏறத்தாழ 50 கி.மீ. சாலைதான்.

சரிவில் எடை இடம் மாறும். மொத்தம் 3,000 கிலோ வரும் வண்டி, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 3 மீட்டர் தூரம், எடையின் மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறுகிற சாலையில், முன்சக்கரங்களின் மேல் இருந்த எடையில் சுமார் 100 கிலோ பின்சக்கரங்களுக்குப் போய்விடும். இறங்கும்போது அதே அளவு முன்னே வரும். பிரேக் மிதித்தால் இன்னும் வரும். எரு ஏற்றி ஏறும்போது பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கு தூக்கி, கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் லேசாகிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நாம் மூட்டை அடுக்கும் விதம். பின் ஆக்சிலுக்கு முக்கால் மீட்டர் பின்னால், டெயில் கதவோரம், 200 கிலோ வைத்தால் பின் ஆக்சிலில் 200 கிலோவா ஏறும்? 250 ஏறும். மிச்ச 50 கிலோவை அது முன் ஆக்சிலிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. கதவைத் திறந்து போட்டு அதன் மேலும் மூட்டை அடுக்கி, ‘பின்னாடி ரொம்ப உக்காருது, பட்டை ஏத்தணும்’ என்று சொல்லும் தம்பிகளை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு முதலில் வேண்டியது மூட்டையை கேபினை ஒட்டி நகர்த்துவதுதான். அதற்குக் காசு ஆகாது.

பட்டறைக்குப் போவதற்கு முன் எடை மேடைக்குப் போங்கள். வழக்கமாக ஏற்றும் லோடோடு முழு வண்டியையும் ஒரு முறை நிறுத்துங்கள். அப்புறம் பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி ஒரு முறை. பின் ஆக்சில் எவ்வளவு சுமக்கிறது, முன் ஆக்சில் எவ்வளவு சுமக்கிறது என்று இரண்டு சீட்டில் தெரிந்துவிடும். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) இருக்கும் மொத்த எடையோடும், வண்டியின் தகட்டில் ஆக்சில் வாரியாகப் போட்டிருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள். கூடவே வண்டி சமதளத்தில் நிற்கும்போது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து பாடி விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காலியாக ஒரு அளவு, லோடோடு ஒரு அளவு, இடது வலது தனித்தனியாக. இந்த எண்களெல்லாம் கையில் இல்லாமல் பட்டை வேலை செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ‘நல்லா தூக்கிக் குடுங்க’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனால், பட்டறைக்காரர் தனக்குத் தெரிந்த தடிமனில் ஒன்றைச் சொருகி அனுப்பிவிடுவார்.

ஆர்.சி. எடைக்கு மேல் ஏற்றுவதற்காகப் பட்டை ஏற்றுகிறவர்களுக்கு இந்தப் பதிவில் உதவி எதுவும் இல்லை. பட்டை எத்தனை சேர்த்தாலும் ஆக்சில், ஹப் பேரிங், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழைய அளவில்தான் இருக்கும். சட்டமும் ஆர்.சி.யில் இருக்கும் எடையைத்தான் பார்க்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக எடைக்கு 20,000 ரூபாய் அபராதம். அதிகமாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். மூட்டையை இறக்கி வைக்கிற செலவும் நம் தலையில்தான். நான் பேசுவது அனுமதித்த எடையைச் சுமக்கும்போதே தொய்ந்துபோகிற, வயதான பட்டை உள்ள வண்டியைப் பற்றி.

சரி, பட்டைக்கு வருவோம். கமான் பட்டையின் விறைப்பு அதன் தடிமனை மூன்று முறை பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்துக் கூடுகிறது. நீள அகலம் ஒன்றுபோல் இருக்கும் 8 மி.மீ. பட்டையையும் 10 மி.மீ. பட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 8 × 8 × 8 என்று பெருக்கினால் 512. 10-ஐ அதேபோலப் பெருக்கினால் 1,000. வெறும் 2 மி.மீ. கூடியதில் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 8 மி.மீ. பட்டை 5 இருக்கும் ஒரு கட்டில் இன்னொரு 8 மி.மீ. சேர்த்தால் விறைப்பு தோராயமாக 20 சதவீதம் கூடும். அதே இடத்தில் 10 மி.மீ. போட்டால் 40 சதவீதத்தை நெருங்கும். ‘ஒரே ஒரு பட்டைதானே’ என்று சொல்வதற்கு முன்னால் அது எத்தனை மி.மீ. என்று கேட்க வேண்டும். பழைய லாரிப் பட்டையை அறுத்துப் பிக்கப்பில் வைப்பது எனக்குப் பிடிக்காததும் இந்தக் கணக்கினால்தான்.

மேட்டுப்பாளையத்தில் பட்டை வேலை மட்டுமே செய்கிற ஒரு வயதான மேஸ்திரியிடம் நான் போவது வழக்கம். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பார். “காலியா எத்தன நாள் ஓட்டுவீங்க, லோடோட எத்தன நாள் ஓட்டுவீங்க தம்பி?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. லோடு எவ்வளவு என்பது அப்புறம்தான். வருடங்கள் போகப் போக அந்தக் கேள்வியின் அருமை எனக்குக் கூடிக்கொண்டே போகிறது. லோடுக்கு ஏற்ற விறைப்பு காலி வண்டிக்கு அதிகம். மழையில் நனைந்த சாலையில், காலி வண்டி மேலேறும்போது, வளைவின் உள்பக்கத்துப் பின்சக்கரம் ஒரு சிறு குழியில் துள்ளினாலே போதும். பிடிமானம் போய்ச் சக்கரம் சும்மா சுற்றும். பிக்கப்பில் பெரும்பாலும் பின்சக்கரம்தான் இழுவைச் சக்கரம். இறுகிய பட்டை அந்தச் சக்கரத்தைத் தரையோடு அழுத்தி வைக்காது.

அதனால் அவர் எனக்குச் சொன்ன வழி தட்டையான ஹெல்பர் பட்டை. சில வண்டிகளில் கம்பெனியே இப்படி ஒன்றை அடியில் வைத்துத் தருகிறது. இருக்கிற கட்டின் வளைவை மாற்றாமல், அடியில் வளைவு ரொம்பக் குறைவான ஒரு பட்டையைச் சேர்ப்பது. காலியாக ஓடும்போது மேல்கட்டு வளைந்தே நிற்கும், தட்டைப் பட்டையின் முனை அதைத் தொடாது. லோடு ஏறி மேல்கட்டு தட்டையாகிக்கொண்டே வரும்போதுதான் முனை தொட்டு, அதுவும் தோள் கொடுக்க ஆரம்பிக்கும். மேல்கட்டைப் போலவே வளைந்த பட்டையைச் சேர்த்தால் காலி வண்டியே தூக்கிக்கொண்டு நிற்கும், தினமும் இடுப்பும் போகும். பார்த்த உடனே ‘வண்டி கம்பீரமா நிக்குது’ என்று தோன்றுவது அந்த இரண்டாவது வகைதான். கம்பீரத்தை விட்டுவிடலாம்.

பழைய பட்டையைக் கழற்றி வளைவு ஏற்றிப் போடுவதும் ஒரு வழிதான். ஆனால் எப்படி ஏற்றுகிறார்கள் என்று நின்று பார்க்க வேண்டும். பட்டை செய்வது இ.என். 45, எஸ்.யு.பி. 9 போன்ற வில் எஃகில். காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தினால்தான் அதற்கு அந்தத் துள்ளல் வரும். கேஸ் வெல்டிங் சுடரை ஒரு இடத்தில் காட்டிச் சிவக்க வைத்து வளைத்தால், அந்த இடத்தில் பதம் போய்விடும். சில மாதத்தில் அங்கேயே தொய்யும், அல்லது உடையும். குளிர் நிலையில் அழுத்தி வளைத்தாலும், களைத்துப்போன எஃகு நிறைய நாள் நிற்காது. பட்டை ரொம்பத் தேய்ந்திருந்தால் புதுக் கட்டு வாங்குவதே மேல். நீளமான ஷேக்கிள் (பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் தொங்கட்டை) போட்டு வண்டியைத் தூக்குவது இன்னொரு பழக்கம். உயரம் மட்டும்தான் கூடும், சுமக்கும் திறன் ஒரு கிலோகூட அதிகரிக்காது.

காற்றுப் பை பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு ரப்பர் பை, அதில் டயரைப் போலக் காற்று. லோடு ஏற்றும்போது அடித்துக்கொள்ளலாம், காலியானதும் குறைத்துக்கொள்ளலாம். யோசனை நல்லதுதான், எங்களைப் போல ஒரு வழி லோடு, ஒரு வழி காலி என்று ஓடுகிறவர்களுக்குப் பொருந்தவும் செய்யும். பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, இரண்டு பைக்கும் சேர்த்து ஒரே குழாய் போடக் கூடாது. வளைவில் வெளிப்பக்கப் பை அழுந்தும்போது அதிலிருக்கும் காற்று குழாய் வழியே உள்பக்கப் பைக்கு ஓடிவிடும், வண்டி இன்னும் சாயும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் மேலே கேரட் மூட்டையோடு திரும்பும்போது நன்றாகவே தெரியும். இரண்டு பக்கமும் தனிக் குழாய், தனி வால்வு வேண்டும். இரண்டாவது, கமான் பட்டை எடையைச் சேசிஸின் இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுக்கிறது, முன் ஹேங்கரிலும் பின் ஷேக்கிளிலும். காற்றுப் பை ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கிறது. டெயில் ஓரம் அதிகச் சுமை, நடுவில் ஒரே இடத்தில் முட்டு, கூடவே குழி என்றால் சேசிஸ் அந்த இடத்தில் வளையும். ஆஸ்திரேலியாவில் டபுள் கேப் பிக்கப்புகளில் இப்படிச் சேசிஸ் வளைந்தது பெரிய பேச்சானது. மூன்றாவது, பை பொருத்த, ஆக்சில் சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் பம்பரைக் கழற்ற வேண்டி வரலாம். அப்புறம் பாதி வழியில் காற்று இறங்கினால் ஆக்சில் நேராகச் சேசிஸில் இடிக்கும்.

அந்த ரப்பர் பம்பர் இருக்கும் இடத்தில் பெரிய ரப்பர் அல்லது பாலியூரித்தேன் கட்டை வைப்பது இதைவிட எளிது, கசிவும் கிடையாது. கட்டை தொடும் இடத்தில் திடீரென்று இறுகாமல், அழுந்த அழுந்த இறுகுகிற வகையாக இருந்தால் நல்லது. ஆனால் அதுவும் ஒரே இடத்தில் முட்டுக் கொடுப்பதுதான்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

நிறையப் பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கு மேலே, சேசிஸில், ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்சிலுக்குப் போகும். மெக்கானிக்குகள் எல்.எஸ்.பி.வி. என்பார்கள், சிலர் லோடு வால்வு என்பார்கள். வண்டியில் லோடு எவ்வளவு என்று அந்த வால்வுக்குத் தெரியாது. சேசிஸ் ஆக்சிலை நோக்கி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் கம்பி வழியாக அதற்குத் தெரியும். நிறைய இறங்கியிருந்தால் லோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். இறங்கவில்லை என்றால் வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு, பின்சக்கரம் லாக் ஆகாமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும்.

இப்போது பட்டை ஏற்றிய வண்டியை நினைத்துப் பாருங்கள். முழு லோடு இருக்கிறது, ஆனால் பின்பக்கம் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்றுதானே பட்டை ஏற்றினோம்? வால்வு ‘காலி வண்டி’ என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைக்கிறது. நிறுத்த வேண்டிய எடை முழுவதும் அப்படியே இருக்க, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கின் மேல் விழுகிறது. சமவெளியில் இதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டலாம், பிரேக் பேட் சீக்கிரம் தேய்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. குன்னூரிலிருந்து இறங்கும்போது நிலைமை வேறு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை 3 டன் வண்டி விடுகிற ஆற்றல், 130 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றும் உராய்வும் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் சூடாக வந்து சேரும். மரப்பாலம் தாண்டி பர்லியார் நெருங்கும்போது மூக்கில் ஏறும் அந்தக் கருகல் வாடை இங்கே லோடு ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

இதோடு பிரேக் ஆயிலும் சேர்ந்துகொள்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். தர அளவுப்படி புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு வந்துவிடுகிறது. டாட் 4-க்கு 230-ம் 155-ம். கொதித்தால் குமிழி வரும், குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும். வருடத்தில் பாதி நாள் மூடுபனியில் நிற்கிற வண்டியின் ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். முன் பிரேக் மட்டும் வேலை செய்து, அதுவும் பழைய ஆயிலோடு வேலை செய்து இறங்குகிற வண்டியைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பட்டை ஏற்றிய வண்டியில் வருகிறவர் யாரும் எனக்கு அந்நியரில்லை.

ஆகவே பட்டை வேலை முடிந்த அன்றே, வால்வின் கம்பியைப் புது உயரத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் கம்பியின் நீளமோ இடைவெளியோ கொடுத்திருப்பார்கள். பிரேக் லைனில் பிரஷர் மீட்டர் வைத்துப் பார்க்கிற மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பியைக் கயிறு போட்டு மேலே கட்டி, எப்போதும் முழு அழுத்தம் வருகிற மாதிரி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். லோடோடு இறங்கும்போது அது சுகமாகத்தான் இருக்கும். அடுத்த நாள் சாரல் மழையில் காலியாக இறங்கி, வளைவில் பிரேக் மிதித்தால் பின்சக்கரம் லாக் ஆகி வண்டி பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். தயவுசெய்து கட்டாதீர்கள். ஏ.பி.எஸ். உள்ள புது வண்டிகள் பலவற்றில் இந்தப் பங்கீட்டை எலெக்ட்ரானிக் முறையே பார்த்துக்கொள்கிறது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஷாக் அப்சார்பர் பற்றிச் சுருக்கமாக. பிக்கப்பில் வரும் சாதாரண ஷாக் லோடு சுமக்காது, பட்டை துள்ளுவதை அடக்குவதுதான் அதன் வேலை. விறைப்புக் கூடிய பட்டை வேகமாகத் துள்ளும், அதை அடக்கத் தேய்ந்த ஷாக்கால் முடியாது. பட்டையோடு ஷாக்கையும் மாற்றிவிடுங்கள். ஹெட்லைட்டையும் மறுபடி சரி செய்யுங்கள். பின்பக்கம் உட்கார்ந்திருந்தபோது கீழே இறக்கி அமைத்த வெளிச்சம், இப்போது வண்டியின் முன் பம்பருக்கு முன்னாலேயே விழும். பனிமூட்டத்தில் அந்த வித்தியாசம் பெரிது.

என் வண்டியில் இப்போது இருப்பது: அடியில் ஒரு தட்டைப் பட்டை, புது ஷாக், திருத்தி அமைத்த வால்வு, டாட் 4 ஆயில். காற்றுப் பை போடவில்லை. முழு லோடில் பின்பக்கம் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கம் வேண்டும் என்று சொல்லித்தான் வேலை வாங்கினேன்.

எரு ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது தனியாக ஒன்று உண்டு. கோழி எருவின் ஈரம் இரும்பை அரிக்கும். பட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் வெளியே தெரியாமல் உள்ளே துருப் பிடித்துச் சிறு பள்ளம் விழும், உடைசல் அங்கிருந்துதான் தொடங்கும். எரு இறக்கிய அன்றே அடியில் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். பட்டை உடைகிற இன்னொரு இடம் நடுவில், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் துளையில். கட்டை ஆக்சிலோடு பிடித்து வைக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தால் அங்கேதான் முறியும். கழற்றிய பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள், அது ஏற்கெனவே இழுபட்டது. கூடுதல் பட்டை வந்ததால் நீளமான யூ போல்ட் எப்படியும் வேண்டும். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, சக்கரம் தரையில் நிற்கும்போது குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கச் சொல்லுங்கள். ஷேக்கிளில் ரப்பர் புஷ் இருந்தால் அந்தப் போல்ட்டையும் அப்போதுதான் முழுதாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முதல் சில லோடு போய் வந்ததும் பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து உட்காரும், யூ போல்ட் தளரும். அப்போது ஒரு முறை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கிவிட்டு, வால்வுக் கம்பியையும் சக்கர நடுவிலிருந்து பாடி விளிம்பு வரையான அளவையும் இன்னொரு தடவை டேப் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.